அருவாமனையைத் தூக்கினா நான் என்ன பண்றது?



போன மாதம் பூந்தமல்லி ஒன்றியத்தில் ஒரு பஞ்சாயத்து அளவிலான கூட்டமைப்புக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். கடன் தவணை, தணிக்கை, சேமிப்பு பாஸ்புக் எல்லாம் பேசி முடித்து டீ வந்தது. அன்று காலைப் பேப்பரில் ஒரு கொலைச் செய்தி. பேச்சு அதிலே போனது. "நம்ம பக்கம் கொலை ஜாஸ்தி ஆயிடுச்சுக்கா. ஆவடி, அம்பத்தூர்னு ஏதாவது ஒண்ணு வந்துகிட்டே இருக்கு. ராத்திரி கதவைத் தொறக்கவே பயமா இருக்கு" என்றார் ஒரு உறுப்பினர். "வீட்டுல ஒரு இரும்புக் கம்பி வச்சிக்கணும்" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தோம்.

பின்வரிசையில் இருந்த ஒரு அக்கா சிரிக்கவில்லை. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "கதவுக்கு வெளியில இருக்கிறவனை விடுங்க. உள்ளே இருக்கிற ஆளு அருவாமனையைத் தூக்கினா நான் என்ன பண்றது? புடிச்சித் தள்ளி, அவருக்கு ஏதாவது ஆயிட்டா ஜெயிலுக்கு நான்தானே போவணும்? புள்ளைங்களை யாரு பாப்பாங்க?"

யாரும் பேசவில்லை. எங்களுக்கும் பதில் தெரியவில்லை. "கேட்டுச் சொல்றோம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம். அப்புறம் சட்டம் தெரிந்தவர்களிடம் கேட்டோம், புத்தகத்தைப் புரட்டினோம். அந்த அக்காவுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறோம். அதே கேள்வியை மனசுக்குள்ளேயே வைத்திருக்கும் மற்றவர்களும் படியுங்கள்.

கொலைக் கணக்கு சொல்வது என்ன?

முதலில் அந்தப் பயத்தைப் பற்றி. இந்தியாவில் நடக்கும் குற்றங்களைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் என்ற மத்திய அரசு அலுவலகம் வருஷா வருஷம் கணக்கெடுத்துப் புத்தகமாகப் போடுகிறது. 2022-ம் ஆண்டுக் கணக்கைப் பார்த்தோம். நாடு முழுவதும் 28,522 கொலை வழக்குகள். தமிழ்நாட்டில் 1,690. மக்கள்தொகையோடு வைத்துப் பார்த்தால் 1 லட்சம் பேருக்குச் சுமார் 2 கொலை. பேப்பரைப் படித்தால் தெருவுக்கு ஒன்று மாதிரித் தோன்றுகிறது. கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

அதைவிட முக்கியம், கொலை எதற்காக நடந்தது என்ற பட்டியல். நாட்டில் நடந்த அந்த 28,522-ல் தகராறு காரணமாக நடந்தவை 9,962. அதாவது மூன்றில் ஒன்றுக்கு மேல். குடும்பச் சண்டை, சொத்துச் சண்டை, பணத் தகராறு, வாய்த் தகராறு எல்லாம் இதில் வரும். அடுத்தது முன்பகை, 3,761. நகைக்காகவும் பணத்துக்காகவும் செய்த கொலைகள் 1,884. நூற்றுக்கு 7 கூட இல்லை. நாம் கம்பி வைத்துக்கொண்டு காத்திருப்பது இந்த 7-க்குத்தான்.

அந்தப் பயம் சும்மா வந்ததில்லை, அதையும் சொல்ல வேண்டும். நம்மில் 40 வயது தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். 2005 ஜனவரி 9-ம் தேதி பெரியபாளையம் பக்கத்தில் தானாகுளத்தில், கும்மிடிப்பூண்டி எம்.எல்.ஏ.வாக இருந்த சுதர்சனம் தன் சொந்த வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். வடக்கிலிருந்து லாரியில் வந்து நெடுஞ்சாலை ஓரத்து வீடுகளில் கொள்ளையடித்த பவாரியா கும்பலின் வேலை அது. போலீஸ் அதிகாரி ஜாங்கிட் தலைமையில் தனிப்படை அமைத்துப் பிடித்தார்கள். எம்.எல்.ஏ. வீட்டுக்கே இந்தக் கதி என்றால் நம்ம ஓட்டு வீடு எம்மாத்திரம் என்று அப்போது தூக்கம் போனவர்கள் பல பேர். அந்த நினைவு இன்னும் போகவில்லை.

ஆனால் கொல்லப்படுகிறவர் பெண் என்றால் கணக்கு வேறு மாதிரி. ஐக்கிய நாடுகள் சபை 2023-ம் ஆண்டுக்குச் சொன்ன மதிப்பீடு இது. உலகத்தில் சுமார் 85,000 பெண்களும் சிறுமிகளும் வேண்டுமென்றே கொல்லப்பட்டார்கள். அதில் 51,100 பேரைக் கொன்றது கணவன், துணை, அல்லது சொந்தக் குடும்பத்து ஆள். நூற்றுக்கு 60. ஒரு நாளைக்கு 140 பேர். மொத்தக் கொலையில் செத்துப் போகிறவர்களில் ஆண்கள்தான் அதிகம். ஆனால் அவர்களில் பெரும்பாலானவர்களை வெளியாள் கொல்கிறான். நம்மைக் கொல்கிறவன் பெரும்பாலும் நம் வீட்டுச் சோற்றைச் சாப்பிடுகிறவன். அந்த அக்கா கேட்டதுதான் சரியான கேள்வி.

இன்னொன்றும் கவனியுங்கள். கொலைக் கணக்கில் எல்லாச் சாவும் வருவதில்லை. வரதட்சணைச் சாவுக்குத் தனிக் கணக்கு. 2022-ல் நாட்டில் 6,450. ஸ்டவ் வெடித்தது, தூக்கு மாட்டிக்கொண்டாள் என்று சொல்லப்படுவதெல்லாம் முதலில் சந்தேக மரணம் என்றுதான் ஏட்டில் ஏறும். கல்யாணம் ஆகி 7 வருஷத்துக்குள் என்றால் ஆர்.டி.ஓ. விசாரணை நடக்கும். பக்கத்து வீட்டுப் பெண் அப்படிச் செத்தால், தெரிந்ததை ஆர்.டி.ஓ.விடம் போய்ச் சொல்லாமல் இருப்பதும் கணக்கைக் குறைக்கத்தான் செய்கிறது.

சரி, நம்ம ஏரியாவில் மட்டும் எத்தனை? இதைச் சேர்த்துப் பார்ப்பது கொஞ்சம் சிக்கல். ஒரே வீட்டுக்கு மூன்று முறை கதவு எண் மாறின மாதிரி, நம்ம ஸ்டேஷன்கள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. 2008-ல் சென்னைப் புறநகர்க் காவல் ஆணையரகம் என்று தனியாக வந்தது. 2011-ல் அதைச் சென்னை மாநகரக் காவலோடு சேர்த்தார்கள். அதே 2011-ல் அம்பத்தூர் நகராட்சியும் சென்னை மாநகராட்சிக்குள் போனது. 2022 ஜனவரியில் ஆவடி காவல் ஆணையரகம் பிறந்தது. அதனால் "போன வருஷத்தைவிடக் கொலை கூடிடுச்சு, குறைஞ்சிடுச்சு" என்று யாராவது சொன்னால், எந்த எல்லைக்கு என்று ஒரு கேள்வி கேளுங்கள். இதற்கு நாமே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. கடைசியில் சொல்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் நமக்குத் தற்காப்பு உரிமை கொடுத்திருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையான பிரிவுகளில் இது இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதுச் சட்டம் வந்திருக்கிறது. அதில் 34 முதல் 44 வரை. எண்தான் மாறியது, விஷயம் ஏறக்குறைய அதேதான். பழக்கத்தில் வக்கீல்களும் போலீஸும் இன்னும் "நூறாவது பிரிவு" என்பார்கள். புதுச் சட்டத்தில் அது 38.

சட்டம் சொல்வது சுருக்கமாக இதுதான். உங்கள் உடம்பைக் காப்பாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. அடுத்தவர் உடம்பைக் காப்பாற்றவும் உண்டு. மகளை அடிப்பவனைத் தாய் தடுக்கலாம். பக்கத்து வீட்டுப் பெண்ணை வெட்ட வருகிறவனைக் குழுப் பெண்கள் சேர்ந்து மடக்கலாம். அப்படித் தடுக்கும்போது எதிராளிக்கு அடிபட்டால் அது குற்றமே இல்லை. தண்டனை குறையும் என்று சொல்லவில்லை, குற்றமே இல்லை என்கிறது சட்டம்.

எதிராளி புருஷனாக இருந்தால்? இதைத்தான் பல பேர் கேட்கிறார்கள். அந்தப் பிரிவுகளைத் தலைகீழாகப் படித்தும் "புருஷனைத் தவிர" என்று எங்கேயும் இல்லை. மாமனார், மைத்துனன், மகன், யாருக்கும் விலக்கு இல்லை. தாலி கட்டினவர் என்பதால் அவர் வீசும் கத்திக்குத் தனிச் சட்டம் கிடையாது.

"அவரு நல்லவருதான், குடிச்சாதான் இப்படி" என்று நாமே சொல்லுவோம். அதற்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. தாக்க வருகிறவர் போதையில் இருந்தாலும், புத்தி சுவாதீனம் இல்லாதவராக இருந்தாலும், தடுக்கும் நம் உரிமை கொஞ்சமும் குறையாது. புதுச் சட்டத்தில் 36-வது பிரிவு.

அடுத்தது, எவ்வளவு தூரம் போகலாம்? சாதாரண அடி, தள்ளு என்றால் அதைத் தடுக்கும் அளவுக்குத் தள்ளலாம், கடிக்கலாம், மிளகாய்ப்பொடியை வீசலாம். உயிர் போகும் அளவுக்குப் போகக் கூடாது. ஆனால் சில நேரத்தில், தடுக்கும்போது எதிராளியின் உயிரே போனாலும் குற்றம் இல்லை என்று 38-வது பிரிவு சொல்கிறது. நம்மைக் கொன்றுவிடுவான் என்று நியாயமாகப் பயப்படும்படி தாக்கினால். கொடுங்காயம் உண்டாகும் என்று பயப்படும்படி தாக்கினால். பாலியல் வன்கொடுமை செய்யும் எண்ணத்தோடு பாய்ந்தால். கடத்திக்கொண்டு போக வந்தால். வெளியே உதவி கேட்கவே வழியில்லாதபடி அடைத்து வைத்தால். ஆசிட் வீசினால், வீச முயன்றால், குடிக்கக் கொடுத்தால். இந்த ஆசிட் விஷயம் 2013-ல் சேர்த்தது.

கொடுங்காயம் என்றால் கை கால் துண்டாவது மட்டும் இல்லை. எலும்பு முறிந்தால் கொடுங்காயம். பல் உடைந்தால் கொடுங்காயம். முகத்தில் மாறாத வடு விழுந்தால் கொடுங்காயம். 15 நாள் அன்றாட வேலை செய்ய முடியாமல் படுத்தால் அதுவும். நம்ம குழுக்களில் எத்தனை பேருக்குப் பல் போயிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் சங்கடமாக இருக்கும். குழாயடியில் வழுக்கி விழுந்தேன் என்பார்கள்.

ஒரு உண்மையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். சேர்ந்து வாழும் கணவன், 18 வயது தாண்டிய மனைவியைக் கட்டாயப்படுத்துவதை இந்த நாட்டுக் குற்றவியல் சட்டம் பாலியல் வன்கொடுமை என்று எழுதவில்லை. அதனால் கணவன் விஷயத்தில் அந்த ஒரு வார்த்தையை நம்ப முடியாது. ஆனால் உயிர்ப்பயம், கொடுங்காயப் பயம் என்ற இரண்டும் கணவன் மேலும் பொருந்தும்.

அடி விழும் வரை காத்திருக்க வேண்டுமா? வேண்டாம். அருவாமனையைத் தூக்கிக்கொண்டு "இன்னிக்கு உன்னை முடிச்சிடுறேன்" என்று கிட்டே வரும்போதே உரிமை ஆரம்பித்துவிடுகிறது. 1950-ல் மத்தியப் பிரதேசத்தில் கட்னி என்ற ஊரில் கலவரம். ஒரு கும்பல் ஒரு கடைக்காரரின் அண்ணன் தம்பி கடையைச் சூறையாடிவிட்டு, குடும்பம் இருந்த பக்கத்துக் கதவைத் தடியால் இடித்தது. அவர் துப்பாக்கியால் சுட்டார், உயிர் போனது. கதவு உடையும் வரை அவர் காத்திருக்கத் தேவையில்லை, அந்த நேரத்துப் பதட்டத்தைத் தங்கத் தராசில் வைத்து நிறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1952-ல் அவரை விடுதலை செய்தது. 2010-ல் தர்ஷன் சிங் என்பவர் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதையே விரிவாகச் சொன்னது. பயம் நியாயமானதாக இருந்தால் போதும். அடிபடுகிறவர் இத்தனை அடிக்கு இத்தனை அடி என்று எண்ணித் திருப்பித் தர முடியாது. கோழை மாதிரி ஓடியே ஆக வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கவில்லை. ஓட முடிந்தால் ஓடுங்கள் என்றுதான் நாங்கள் சொல்வோம், அது வேறு.

நம்ம பக்கத்திலேயே நடந்தது

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா என்று கேட்பீர்கள். உதவியிருக்கிறது. 2021 ஜனவரித் தொடக்கத்தில் சோழவரம் பக்கத்தில், 19 வயதுப் பெண் ஒருத்தி ஒதுங்கப் போன இடத்தில், தெரிந்த ஆள் ஒருவன் கத்தியைக் காட்டிப் பலாத்காரம் செய்ய முயன்றான். அவள் அந்தக் கத்தியைப் பிடுங்கி அவனையே குத்திவிட்டாள். அவன் இறந்துவிட்டான். அவள் ஓடி ஒளியவில்லை. நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள். முதலில் கொலை வழக்குத்தான். விசாரித்த பிறகு அதை நூறாவது பிரிவுக்கு மாற்றி, அவளை விடுவித்தார்கள். அப்போது திருவள்ளூர் மாவட்ட எஸ்.பி.யாக இருந்தவர் அரவிந்தன்.

அதற்கு முன்னால் 2012-ல் மதுரையில். குடித்துவிட்டு வந்த கணவன் பெற்ற மகளிடமே தவறாக நடக்கப் போனான். தாய் கையில் கிடைத்தது கிரிக்கெட் மட்டை. அவன் இறந்துவிட்டான். மதுரை மாவட்ட எஸ்.பி. அஸ்ரா கார்க், மகளைக் காப்பாற்றத்தான் தாய் அடித்தாள் என்று நூறாவது பிரிவைச் சொல்லி, அந்தத் தாயைச் சிறைக்கு அனுப்பாமல் விட்டார். செத்தது கணவன்தான். ஆனாலும் உரிமை செல்லும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

எல்லா ஸ்டேஷனிலும் இப்படி முதல் வாரத்திலேயே விட்டுவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். பல வழக்குகள் கோர்ட் வரை போகும், வருஷக் கணக்கில் இழுக்கும். தற்காப்புக்குத்தான் செய்தேன் என்று காட்டும் பொறுப்பும் நம் மேல்தான். ஆனால் போலீஸ் குற்றத்தை நிரூபிப்பது போல் சந்தேகமே இல்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. அப்படித்தான் நடந்திருக்கும் என்று நம்பும்படி இருந்தால் போதும்.

எங்கே நின்றுவிடுகிறது இந்த உரிமை?

இந்தக் கட்டுரையில் ஒரு விஷயத்தை மட்டும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் இதை வையுங்கள். ஆபத்து இருக்கும் வரைதான் உரிமை. அவன் கத்தியைக் கீழே போட்டான், திரும்பி ஓடுகிறான், மயங்கி விழுந்துவிட்டான். அந்த நொடியோடு நம் உரிமையும் முடிந்தது. அதற்கு மேல் விழும் ஒவ்வொரு அடியும் நம் கணக்கில் எழுதப்படும். நல்ல எண்ணத்தில், காப்பாற்றிக்கொள்ளத்தான் அடித்தேன், ஆனால் தேவைக்கு மேல் அடித்துவிட்டேன் என்றால் கொலை என்று இல்லாமல் கொலையாகாத மரணம் என்று குறைக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதற்கும் சிறை உண்டு.

போலீஸைக் கூப்பிட நேரம் இருந்தால் அதைத்தான் செய்ய வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. "நாளைக்கு வந்து வெட்டுவேன்" என்று போனில் மிரட்டினால் அதற்கு மருந்து புகார்தான். முந்திக்கொண்டு போய் வெட்டுவதைத் தற்காப்பு என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

திருடன் விஷயத்திலும் இதே. ராத்திரியில் வீட்டை உடைத்து உள்ளே வருகிறவன், வழிப்பறிக் கொள்ளைக்காரன், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைப்பவன் என்றால் சொத்தைக் காக்கவும் உயிர் போகும் அளவுக்கு உரிமை உண்டு. ஆனால் கோழி திருடியவனைக் கொல்ல உரிமை இல்லை. பிடிபட்டவனைக் கட்டி வைத்து ஊரே அடிக்கவும் உரிமை இல்லை. 2018 மே மாதம் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. போளூர் பக்கம் கோயிலுக்குப் போன வயதான அம்மாவை அடித்தே கொன்றார்கள். நம்ம திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காட்டில் ஒரு மனிதரைக் கொன்றார்கள். அடித்தவர்கள் எல்லோரும் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருப்பார்கள். வழக்கு கொலை வழக்கு.

இப்போது மிகக் கஷ்டமான இடத்துக்கு வருகிறோம். 10 வருஷம், 15 வருஷம் அடி வாங்கிய ஒருத்தி. அவன் விழித்திருக்கும்போது எதிர்க்க அவளுக்குத் தெம்பு இல்லை. ஒரு நாள் அவன் தூங்கும்போது கல்லைத் தூக்கிப் போட்டுவிடுகிறாள். இது தற்காப்பா? நம் மனசு ஆமாம் என்று சொல்லும். சட்டம் இல்லை என்று சொல்லும். தூங்குகிறவனால் அந்த நேரத்தில் ஆபத்து இல்லை என்பது அதன் கணக்கு. அவன் விழித்தால் ஆபத்துத்தானே என்று எங்களில் ஒருவர் வக்கீலிடம் சண்டையே போட்டார். அவர் சொன்ன பதில், "நீங்க சொல்றது நியாயம்தாம்மா. ஆனா பிரிவு அப்படி எழுதலை."

அதற்காகக் கோர்ட்டுகள் கண்ணை மூடிக்கொள்வதும் இல்லை. நல்லதங்காள் கதை நமக்குத் தெரியும், கூத்தில் பார்த்து அழாதவர்கள் உண்டா? கணவன் கொடுமை தாங்காமல் பிள்ளைகளோடு கிணற்றில் குதித்துத் தான் மட்டும் பிழைத்துக்கொண்ட ஒரு பெண்ணின் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 1989-ல் அந்தத் தீர்ப்பில் நீதிமன்றம் இந்த நிலைக்கு நல்லதங்காள் பெயரையே வைத்தது. திடீர்க் கோபத்துக்கு மட்டும் சட்டம் இரக்கம் காட்டினால் போதாது, வருஷக் கணக்கில் சேர்ந்த கொடுமையையும் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் குற்றத்தின் அளவைக் குறைத்தது. அதே 1989-ல் இங்கிலாந்தில் கிரண்ஜித் அலுவாலியா என்ற பஞ்சாபிப் பெண், 10 வருஷக் கொடுமைக்குப் பிறகு தூங்கும் கணவன் மேல் தீ வைத்தார். அவருக்கு ஆயுள் தண்டனை. அங்கே உள்ள பெண்கள் அமைப்பு விடாமல் போராடி, 1992-ல் மேல்முறையீட்டில் அந்தத் தண்டனையை உடைத்தது. அவர் வெளியே வந்தார்.

இரண்டு இடத்திலும் தண்டனையைக் குறைத்தது, அந்தப் பெண் அனுபவித்தது கோர்ட்டுக்குத் தெரிய வந்ததுதான். அதற்குள் உயிர்கள் போய்விட்டன என்பதையும் மறக்க முடியவில்லை.

அருவாமனை வருவதற்கு முன்னால்

அதனால் அந்த அக்காவுக்கும் அவர் மாதிரி இருப்பவர்களுக்கும் நாங்கள் கேட்டுக்கொள்வது, இன்றைக்கே எழுத்தில் ஏற்றுங்கள். அடி பட்டால் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வழுக்கி விழுந்தேன் என்று சொல்லாதீர்கள். யார் அடித்தார், எதால் அடித்தார் என்று சொன்னால் டாக்டர் ஏ.ஆர். ஏட்டில் எழுதுவார். அந்த ஏ.ஆர். காப்பி பின்னால் பொன்னுக்குச் சமம்.

மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். ஒரு ஸ்டேஷனில் நம்ம உறுப்பினர் ஒருவரைக் "குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கோ" என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். நாலாவது தடவை குழுவிலிருந்து 10 பேர் கூடப் போனோம். பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தோம், வேறு ஒன்றும் செய்யவில்லை. அரை மணியில் ரசீது வந்தது. எந்த ஸ்டேஷன் எல்லை என்றும் பார்க்க வேண்டாம், புகாரை எந்த ஸ்டேஷனிலும் வாங்க வேண்டும். வாங்கவே இல்லை என்றால் தபாலில் துணை ஆணையருக்கு அனுப்பலாம்.

2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தைப் பல பேர் மறந்தே போனோம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அவரிடம் சொன்னால் அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். அடிக்கக் கூடாது, கிட்டே வரக் கூடாது என்று கோர்ட் உத்தரவு போடலாம். வீடு அவர் பேரில் இருந்தாலும் உங்களை வெளியே தள்ள முடியாது. தேவைப்பட்டால் அவரை வெளியே இருக்கச் சொல்லவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. உத்தரவை மீறினால் 1 வருஷம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

குழுவும் எழுதி வைக்கலாம். இன்ன தேதியில் இன்னார் முகம் வீங்கி வந்தார், இன்னது சொன்னார் என்று அன்றைக்கே எழுதியதைப் பார்த்து நினைவுபடுத்திச் சாட்சி சொல்லச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் தீர்மான நோட்டில் எழுதாதீர்கள், அதை வீட்டு ஆண்கள் எடுத்துப் படிக்கிறார்கள். தனியாக ஒரு நோட்டு, ஊக்குநரிடம் இருக்கட்டும். அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

நடக்கக் கூடாதது நடந்துவிட்டால்: 112 அல்லது 100-க்கு நீங்களே போன் செய்யுங்கள். பெண்கள் உதவிக்கு 181. அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், அவர் எவ்வளவு கெட்டவராக இருந்தாலும். இடத்தைக் கழுவாதீர்கள், கத்தியை ஒளிக்காதீர்கள். "தானா விழுந்துட்டாரு" என்று பொய் சொல்லாதீர்கள். ஒரு பொய் சொன்னால் பிறகு சொல்லும் உண்மையையும் நம்ப மாட்டார்கள். உங்கள் உடம்பில் இருக்கும் காயத்தை டாக்டரிடம் காட்டி எழுத வையுங்கள். சூரியன் மறைந்த பிறகு, உதிப்பதற்கு முன் பெண்ணைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நிலை என்றால் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடு பெண் போலீஸ்தான் செய்ய வேண்டும். வக்கீலுக்குப் பணம் இல்லை என்று கலங்க வேண்டாம். 1987-ம் ஆண்டுச் சட்டப்படி, பெண் என்றாலே வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவில் கேட்கலாம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

முன்னால் சொன்ன அந்த வேலை இதுதான். ஆவடி காவல் ஆணையரகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடப் போகிறோம். 2022 முதல் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பதிவான கொலை வழக்குகள் எத்தனை, அதில் இறந்தவர் பெண் எத்தனை, வீட்டுக்குள் நடந்தது எத்தனை, குற்றம் சாட்டப்பட்டவர் கணவரோ உறவினரோ என்றால் எத்தனை, தற்காப்பு என்று மாற்றிய வழக்கு எத்தனை என்று கேட்கிறோம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு மனுவை எழுதிக்கொண்டு வருகிறோம். கையெழுத்துப் போட விருப்பம் உள்ளவர்கள் ஊக்குநரிடம் பெயர் கொடுங்கள். பின்வரிசை அக்கா ஏற்கெனவே கொடுத்துவிட்டார்.